ஸ்பேர்ஸின் பருவங்கள்: சீட்டிழுப்பு தந்ததா, நிர்வாகம் கட்டியதா?

கொக்குவிலான்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத் தொடரில் ஆடும் சன் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அணி 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஐந்து சம்பியன் பட்டங்களும் முழுக்க முழுக்க நல்ல நிர்வாகத்தின் விளைவு என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பருவம் பருவமாகப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்த பின் என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1988–89 பருவத்தில் அந்த அணி 21 ஆட்டங்களில் வென்று 61இல் தோற்றது. 1987ஆம் ஆண்டுச் சீட்டிழுப்பில் (பின்தங்கிய அணிகளில் எது புதுவீரரை முதலில் தெரிவுசெய்யும் என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கும் முறை) முதல் தெரிவாகக் கிடைத்து, இரண்டு ஆண்டுகள் கடற்படைச் சேவையில் இருந்துவிட்டு வந்த டேவிட் றொபின்சன் சேர்ந்ததும், அடுத்த பருவத்தில் வெற்றிகள் 56 ஆயின. 1996–97இல் றொபின்சன் காயமடைந்து ஆறே ஆட்டங்களில் ஆட, அணி 20 வெற்றிகளுடன் சரிந்தது. மீண்டும் முதல் தெரிவு கிடைத்தது. ரிம் டங்கன் வந்தார். மீண்டும் 56 வெற்றிகள். அந்த ஆண்டு 15 வெற்றிகள் மட்டுமே பெற்று, கையில் இரண்டு தெரிவுகளுடன் காத்திருந்த பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணிக்கே டங்கன் கிடைக்கக்கூடிய வாய்ப்பு அதிகமாக இருந்தது. குலுக்கலில் ஒரு பந்து வேறுவிதமாக விழுந்திருந்தால் இன்று நாம் பொஸ்ரன் நிர்வாகத்தின் மதிநுட்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

பருத்தித்துறை வாசகி

அண்ணா, டங்கன் கிடைத்தது அதிர்ஷ்டம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சீட்டிழுப்பில் முதலிடம் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஓர் அணிக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. அப்படிக் கிடைத்த அணிகளில் எத்தனை அணிகள் 1998 தொடக்கம் 2019 வரை இடைவிடாமல் 22 முறை, பட்டத்துக்கான பிளே-ஓஃப் சுற்றுக்குள் நுழைந்தன? டங்கனுக்கு அருகில் நின்றவர்கள் எந்தச் சீட்டிழுப்பில் வந்தார்கள் என்று பாருங்கள். மனு ஜினோபிலி 1999ஆம் ஆண்டுத் தெரிவில் 57ஆவது ஆளாக, அதாவது கடைசிக்கு முந்தைய இடத்தில், எடுக்கப்பட்டவர். அவர் ஐரோப்பாவில் ஆடி முதிர்ந்து 2002இல் அணியில் சேரும்வரை காத்திருந்தார்கள். பாரிசிலிருந்து வந்த 19 வயது ரோனி பாக்கரை 2001இல் 28ஆவது இடத்தில் எடுத்து, அவரையே முதன்மைப் பந்து நகர்த்துநராக்கினார்கள். ஆறு ஆண்டுகளின் பின் கிளீவ்லாண்ட் அணியை 4–0 என்று வீழ்த்திய இறுதித் தொடரில் அவரே சிறந்த வீரராகத் தெரிவானார். மற்ற 27 தெரிவுகளும் அவரைத் தாண்டிச் சென்றன. அதை அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

2000ஆம் ஆண்டையும் மறக்கக்கூடாது. ஒப்பந்தம் முடிந்திருந்த டங்கனை ஓர்லாண்டோ அணி அழைத்தது. அவர் அங்கே சென்று பார்த்துவிட்டும் வந்தார். சீட்டு அவரை அணிக்குள் கொண்டுவந்து சேர்த்தது உண்மை. 19 பருவங்கள் ஒரே சட்டையில் ஆட வைத்தது சீட்டல்ல.

கொக்குவிலான்

தங்கை, நீங்கள் சொல்லும் வரிசையில் டங்கன் இல்லாமல் வென்ற பட்டம் ஒன்றுகூட இல்லை. 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஐந்திலும் மாறாமல் இருந்த ஒரே வீரர் அவர்தான். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அவர் 21 புள்ளிகள், 20 றீபவுண்ட்கள் (தவறிய எறிகையில் திரும்பும் பந்தைப் பிடித்தல்), 10 உதவிகள், 8 தடுப்புகள் என்று ஆடி முடித்ததைப் பார்த்தவர்களுக்கு, அன்று நியூ ஜேர்சி அணியைத் தோற்கடித்தது நிர்வாகமா ஒரு மனிதரா என்பதில் ஐயம் இருக்காது. மேலும், அந்த ஐந்து பட்டங்களில் அடுத்தடுத்த இரு பருவங்களில் வந்தவை எவையும் இல்லை. 2000இல் டங்கனின் முழங்கால் காயமடைந்ததும் முதற்சுற்றிலேயே ஃபீனிக்ஸிடம் தோற்றுப்போனார்கள். 2001இல் லேக்கர்ஸ் அவர்களை 4–0 என்று துடைத்தெறிந்தது. 2004இல் அதே லேக்கர்ஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், 0.4 செக்கன் மீதமிருக்கையில் டெறிக் ஃபிஷர் எறிந்த பந்து வளையத்துக்குள் போயிற்று. 2011இல் 61 வெற்றிகளுடன் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்துவிட்டு, எட்டாமிடத்தில் இருந்த மெம்பிஸிடம் தோற்றார்கள். இவ்வளவு நுட்பமான நிர்வாகம் என்றால் ஒரு பட்டத்தையாவது அடுத்த பருவத்தில் தக்கவைத்திருக்க வேண்டாமா?

மானிப்பாய்ப் பயிற்றுநர்

இருவரும் வென்ற பருவங்களைச் சுற்றியே நிற்கிறீர்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்குபவன் என்ற முறையில், இந்த அணியின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2013ஐயும் 2014ஐயும்தான்.

2013 இறுதித் தொடரில், நான்கு ஆட்டங்களில் வென்றால் பட்டம் என்ற நிலையில், ஸ்பேர்ஸ் மயாமிக்கு எதிராக 3–2 என்று முன்னிலையில் இருந்தது. ஆறாவது ஆட்டம் யாழ்ப்பாணத்தில் காலை ஆறரை மணிக்குத் தொடங்கியது. அரை நிமிடத்துக்கும் குறைவாக மீதமிருந்தபோது ஸ்பேர்ஸ் ஐந்து புள்ளிகள் முன்னே நின்றது. மயாமியின் மூன்று புள்ளி எறிகைகளைத் தடுக்க வேகமான வீரர்கள் தேவை என்று கருதிய ஸ்பேர்ஸ் பயிற்றுநர் கிறெக் பொபோவிச், டங்கனை வெளியே எடுத்து இருக்கையில் அமர்த்தினார். முன்னிலை மூன்று புள்ளிகளாகச் சுருங்கிய பின் மயாமியின் லெப்ரோன் ஜேம்ஸ் எறிந்த எறிகை தவறிற்று. உயரமான ஆள் இல்லாத இடத்தில் கிறிஸ் பொஷ் றீபவுண்ட் எடுத்து மூலைக்குத் தள்ள, பின்னால் பார்க்காமலே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே காலெடுத்து வைத்த றே அலன் 5.2 செக்கன் மீதமிருக்க எறிந்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் ஸ்பேர்ஸ் 103–100 என்று தோற்றது. ஏழாவது ஆட்டத்திலும் தோற்றது.

டங்கனுக்கு அப்போது 37 வயது. அத்தகைய தோல்விக்குப் பின் வயதான அணிகளைக் கலைத்துவிடுவதே வழக்கம். இவர்கள் பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தில் 62 ஆட்டங்களில் வென்று, அதே மயாமியை 4–1 என்று தோற்கடித்தார்கள். வென்ற நான்கு ஆட்டங்களின் வித்தியாசம் 15, 19, 21, 17 புள்ளிகள். மூன்றாவது ஆட்டத்தின் முதற்பாதியில் மட்டும் 71 புள்ளிகள் எடுத்தார்கள். பந்து ஒருவர் கையில் ஒரு நொடிக்கு மேல் தங்கவில்லை. நல்ல எறிகை கிடைத்தும் அதைவிட நல்ல இடத்தில் நிற்பவருக்குக் கொடுத்தார்கள். கொக்குவில் தம்பி, அந்தத் தொடரின் சிறந்த வீரர் டங்கன் அல்ல. 22 வயது கவாய் லெனாட். 2011இல், அணியில் எல்லோரும் விரும்பிய ஜோர்ஜ் ஹில்லைக் கொடுத்து, 15ஆவது தெரிவில் வந்த அந்த இளைஞனை வாங்கினார்கள். பட்டத்தை அடுத்த பருவத்தில் காக்கவில்லை என்பது மெய். ஆனால் ஓர் அணி முதற்பட்டத்துக்கும் ஐந்தாம் பட்டத்துக்கும் இடையில் 15 ஆண்டுகள் உச்சியில் நிற்பதை நான் அதைவிடக் கடினமானதாகக் கருதுகிறேன். எங்கள் பாடசாலைகளில் உயர்தரப் பரீட்சை முடிந்து உயரமான பிள்ளை ஒருவர் விலகினால் அணி அடுத்த ஆண்டே தரைமட்டமாகிவிடுகிறது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்காபரோ யாழ்ப்பாணத்தான்

சேர், லெனாட்டின் கதையை 2014உடன் நிறுத்திவிட்டீர்கள். 2017–18 பருவத்தில் அவர் தொடைத்தசைக் காயத்தால் ஒன்பது ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். காயத்தைப் பற்றி அவருக்கும் அணிக்கும் இடையே நம்பிக்கை குலைந்து, 2018 யூலையில் டெமார் டெறோசனைப் பெற்றுக்கொண்டு அவரை ரொறன்ரோவுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே ரொறன்ரோ ராப்டர்ஸ் தன் முதலாவது சம்பியன் பட்டத்தை வென்றது. இங்கே எங்கள் பிள்ளைகள் தெருவில் இறங்கி ஆடிப் பாடினார்கள். ஸ்பேர்ஸோ 2020இல் பிளே-ஓஃப் சுற்றைத் தவறவிட்டது. வீரர்களைத் தக்கவைப்பதே அந்த நிர்வாகத்தின் பெருமை என்றால், தங்கள் அடுத்த டங்கனை அவர்கள் கைநழுவ விட்டது ஏன்? டங்கனின் குணம்தான் அந்த அணியைத் தாங்கியது. 2012இல் தன் சம்பளத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கொடுக்க இடம் விட்டவர் அவர்.

பருத்தித்துறை வாசகி

லெனாட் விவகாரம் நிர்வாகத்தின் தோல்வி. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆயினும் கொக்குவில் அண்ணாவின் வாதத்தைச் சோதிப்பதற்கு அண்மைய பருவங்களே போதும். 2022–23இல் ஸ்பேர்ஸ் 22 ஆட்டங்களில் வென்றது. மோசமான மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீத வாய்ப்பு இருந்த சீட்டிழுப்பில் மூன்றாவது முறையாக முதலிடம் கிடைத்தது. விக்ரர் வெம்பன்யாமா வந்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுவீரர் விருதையும் பெற்றார். அடுத்த பருவத்தில் அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது? அதே 22. றொபின்சன் வந்தபோது 35 வெற்றிகள் கூடின. டங்கன் வந்தபோது 36 கூடின. வெம்பன்யாமா வந்தபோது ஒன்றுகூடக் கூடவில்லை. சீட்டுத்தான் வரலாற்றை எழுதுகிறதென்றால் இந்த முறை அது ஏன் எழுதவில்லை?

கொக்குவிலான்

வெம்பன்யாமாவைச் சுற்றி அனுபவம் உள்ள வீரர்கள் இருக்கவில்லை, அதுவே காரணம். 1989இல் றொபின்சனுடன் ரெறி கமிங்ஸும் ஷோன் எலியற்றும் அதே பருவத்தில் சேர்ந்தார்கள். 1997இல் டங்கன் வந்தபோது காயம் ஆறிய றொபின்சனும் எலியற்றும் ஏவரி ஜோன்சனும் அங்கே இருந்தார்கள். அதாவது 20 வெற்றிகள் பெற்ற அந்த அணி உண்மையில் 20 வெற்றிகளுக்குரிய அணி அல்ல. காயத்தால் ஒரே ஒரு பருவம் விழுந்து, சரியாக அந்த ஆண்டிலேயே டங்கனைப் பெற்றது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் எந்த அணிக்கு வாய்த்தது?

மானிப்பாய்ப் பயிற்றுநர்

தம்பி, 1997 பற்றி நீங்கள் சொல்வது சரியானது. அந்த ஒரு பருவத்தின் காலப்பொருத்தத்தை எந்த நிர்வாகமும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் ரெறி கமிங்ஸ் சீட்டில் விழுந்தவர் அல்லர். மில்வோக்கியிடமிருந்து வீரர்ப் பரிமாற்றத்தில் வாங்கப்பட்டவர். றொபின்சன் வரும் பருவத்துக்கென்றே ஆளைத் தேடி வைத்த வேலை அது. 1996–97இல் முதல் 18 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே அணி வென்றிருந்தபோது, பொதுமுகாமையாளராக இருந்த பொபோவிச் பயிற்றுநர் பொப் ஹில்லை நீக்கிவிட்டுத் தானே அந்த இடத்துக்கு வந்தார்; அன்று அவரைத் திட்டாதவர்கள் குறைவு. மீதமிருந்த 64 ஆட்டங்களில் அவர் தோற்றவை 47. அப்படித் தோற்றவரை அணி உரிமையாளர்கள் அடுத்த பருவத்திலும் வைத்திருந்தார்கள். டங்கனைத் தந்தது சீட்டு. டங்கன் வந்து சேர்ந்த நாளில் பொபோவிச் அங்கே இருந்ததற்குக் காரணம் அந்த முடிவு.