பிளவு ஊர்கிறதா, பூட்டிக்கிடக்கிறதா? ஜிபிஎஸ் தரவில் உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் இரண்டு நிலத்தட்டுகள் உரசி நகரும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரமாக நகரவில்லை.

சான் ஹுவான் பாடிஸ்டாவுக்கும் பார்க்ஃபீல்டுக்கும் நடுவே பிளவு பெரிய நடுக்கம் இல்லாமலே ஊர்கிறது. வேகமான இடத்தில் ஆண்டுக்கு 25 மில்லிமீட்டருக்கும் மேல். நகம் வளர்வதைவிடக் கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். வடக்கே 1906-லும் தெற்கே 1857-லும் பெரிய நடுக்கங்களில் உடைந்த பகுதிகள் இன்று பூட்டிக்கிடக்கின்றன, அதாவது நகராமல் இறுகி நிற்கின்றன.

ஊரும் இடத்தில் பிளவைத் தாண்டியதும் ஜிபிஎஸ் நிலையங்களின் வேகம் படிக்கட்டு மாதிரி சட்டென்று மாறுகிறது. பூட்டிய இடத்தில் அதே மாற்றம் பல கிலோமீட்டருக்கு மெல்ல வளைந்து போகிறது. இதுவரை சரி. பார்க்ஃபீல்டில் இரண்டும் கலந்திருக்கின்றன. பிளவை ஒட்டி, ஒரு கிலோமீட்டருக்குள், என்னிடம் நிலையங்கள் மிகக் குறைவு. அதனால் பூட்டு ஆழத்தை (பிளவு எவ்வளவு ஆழம்வரை இறுகி நிற்கிறது என்பதை) 8 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 14 என்று வைத்தாலும், மேல்மட்ட ஊர்வைச் சற்று மாற்றினால் வளைகோடு பொருந்திவிடுகிறது. எதை நம்புவது?

அப்புறம், 2004 செப்டம்பர் 28 அன்று அங்கே 6.0 அளவு நடுக்கம் வந்தது. அதன் பின்னூர்வு, அதாவது நடுக்கத்துக்குப் பிறகும் பிளவு மெல்ல ஊர்வது, பல ஆண்டுகள் நீடித்தது. அந்த ஆண்டுகளின் தரவை வெட்டிவிடலாமா, இல்லை மடக்கைச் (log) சார்பாகப் பொருத்தி நீக்குவது நல்லதா?

பிளவின் குறுக்கே ஊர்வை நேரடியாக அளக்கும் ஊர்வுமானியின் அளவீட்டையோ ரேடார் செயற்கைக்கோள் படங்களையோ ஜிபிஎஸ்ஸுடன் சேர்த்துப் பொருத்தியவர்கள், எதற்கு எவ்வளவு எடை கொடுத்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.