தானே நடிச்சு தானே படம் எடுக்குற பொண்ணுங்களை நம்ம ஏரியாவுல பார்த்தவங்க எழுதுங்க

கல்மண்டபம் வாசி:
மீன்பிடி தடைக்காலத்துல நடந்தது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் காசிமேடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க, அந்த நேரம் பார்த்து ஒரு பொண்ணு சின்ன கேமரா டீமோட வந்துச்சு. மீன் விக்கிற பொம்பளை வேஷம் அதுக்கு. டைரக்‌ஷனும் அதேதான். எங்க சித்தியோட பழைய புடவையை வாங்கிக் கட்டிக்கிச்சு.

மண்டைக்குள்ள இன்னும் ஓடுறது ஒரே ஷாட்தான். அன்னக்கூடையை இடுப்புல வெச்சிக்கிட்டு அழணும். மூக்கு ஒழுக அழுதுச்சு, நின்னு பார்த்த சித்திக்கும் கண்ணு கலங்கிடுச்சு. அழுதுக்கிட்டே அதுவே ‘கட்’ சொல்லிட்டு, முந்தானையால மூஞ்சைத் துடைச்சபடி ஓடிப்போய் மானிட்டரைப் பார்த்துச்சு. கேமராக்காரர் சூப்பர்ன்றாரு. இது, “இல்லண்ணே, கை பொய் சொல்லுது. வெறும் கூடைன்னு தெரியுது”ன்னுச்சு. சித்தியைக் கூப்பிட்டு, “அத்தை, கூடை நிறைய மீன் இருந்தா இடுப்பு எந்தப் பக்கம் சாயும்?”னு கேட்டுச்சு. சித்தி ஐஸை அள்ளிப் போட்டு நிரப்பிக் குடுத்தாங்க. மறுபடியும் முதல்லேர்ந்து அழுதுச்சு. பெரிய பெரிய ஷூட்டிங் எல்லாம் இங்க பார்த்திருக்கேன், எங்க சித்தியை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல.

எர்ணாவூர் தம்பி:
அண்ணே, உங்களுக்கு வாய்ச்சது நல்ல பொண்ணு. வெளியிலேர்ந்து கேமராவோட வர்றவங்க எல்லாரும் அப்படி இல்ல. நான் சொல்றது எங்க பிளாக்லயே பொறந்து வளர்ந்த பொண்ணு. ஆடிஷனுக்கு என் வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். ரவுடியோட தங்கச்சி வேஷமாம். “வடசென்னை பாஷையில பேசும்மா”ன்னாங்க. வீட்டுல பேசுற மாதிரியே பேசிச்சு. “இது பத்தாது, இன்னும் லோக்கலா பேசு”ன்னாங்க. வெளிய வந்து வண்டியில ஏறும்போது, “நான் பேசுறது எந்த ஊரு பாஷைண்ணா?”ன்னு கேட்டுச்சு. எனக்கு வாயே வரல. அதுக்கப்புறம் ஆடிஷனுக்கே போகல. போனை வெச்சு அதுவே ஒரு குறும்படம் எடுத்துச்சு, அம்மாவா நடிச்சது அதோட சொந்த அம்மா. ஒரு சீன்ல கூட கத்தி இல்ல.

ஒலிப்பதிவு உதவி:
எர்ணாவூர் தம்பிக்கு: வெளியூரா உள்ளூரான்னு பிரிக்காதீங்க. நான் வேலை செஞ்ச அக்கா மதுரைப் பக்கம். அவங்க முதல்ல நடிச்ச படத்துல அவங்களுக்கு வேற ஒருத்தர் குரல் குடுத்திருந்தாங்க. தமிழ் சினிமாவுல இது காலங்காலமா நடக்குறதுதான், ஆனா தியேட்டர்ல உக்கார்ந்து தன் வாயிலேர்ந்து வேற குரல் வர்றதைக் கேட்டவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அதனால தன் படத்துக்கு டப்பிங்கே கிடையாது, லைவ் சவுண்டுதான்னு பிடிவாதமா நின்னாங்க. இடமோ ராயபுரம் ஸ்டேஷன் பக்கம்! கூட்ஸ் வண்டி, கன்டெய்னர் லாரி, பக்கத்துல மசூதி, சர்ச். ஜாக்கெட்டுக்குள்ள லேப்பல் மைக்கைக் குத்திக்கிட்டு, “நடிக்கும்போது எனக்கு எதுவும் கேக்காது தம்பி. ஹாரன் வந்தா நீ கையைத் தூக்கு, நான் நிறுத்திக்கிறேன்”னாங்க. முக்கியமான டயலாக்ல ஹாரன் வந்துச்சு, நானும் கையைத் தூக்கினேன். அவங்க நிறுத்தல. ஹாரன் ஓயுற வரைக்கும் எதிர்ல இருந்தவரை முறைச்சிக்கிட்டே நின்னுட்டு, அப்புறம்தான் பேசினாங்க. படத்துல அந்த இடம்தான் உயிர்.

பெரம்பூர் சீனியர்:
எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு எடுத்த படம் ஒரே ஹார்ட் டிஸ்க்கோட போச்சு. அவ்வளவுதான் என் கதை. ஆரம்பிக்கிறவங்களுக்குச் சில விஷயம் சொல்லணும். எடுத்த அன்னிக்கே ரெண்டு இடத்துல காப்பி போடுங்க, ரெண்டும் ஒரே வீட்டுல இருக்க வேணாம். நடிச்சவங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க, சொந்த அம்மாவா இருந்தாலும் வாங்குங்க. அவசரப்பட்டு யூடியூப்ல ஏத்தாதீங்க, ஆன்லைன்ல வந்த படத்தை எடுத்துக்காத திரைப்பட விழாக்கள் நிறைய இருக்கு. தியேட்டர்ல மக்களுக்குக் காட்டணும்னா 1952 சட்டப்படி சென்சார் சான்றிதழ் வேணும். டைரக்டர் லீனா மணிமேகலையை எடுத்துக்குங்க. 2002ல ‘மாத்தம்மா’ன்னு ஆவணப்படத்துல ஆரம்பிச்சவங்க. அப்புறம் தனுஷ்கோடி மீனவங்களை வெச்சு ‘செங்கடல்’ எடுத்து, அதுல அவங்களும் நடிச்சாங்க. சென்சார் முடியாதுன்னுடுச்சு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போய் 2011ல ஜெயிச்சுட்டு வந்தாங்க. அந்தத் தீர்ப்பாயத்தையே 2021ல கலைச்சுட்டாங்க, இப்ப நேரா ஹைகோர்ட்தான். வக்கீல் செலவை யோசிங்க. அதனால என் அபிப்பிராயம், முதல்ல நடிகையா பேர் வாங்குங்க, டைரக்‌ஷன் பின்னாடி பார்த்துக்கலாம்.

தங்கசாலைக் கடைக்காரர்:
சீனியர் சார், மத்ததெல்லாம் சரி, கடைசி வரியை ஒத்துக்க மாட்டேன். டி.பி.ராஜலட்சுமி யாரைக் கேட்டுக்கிட்டு டைரக்‌ஷனுக்கு வந்தாங்க? நாடக மேடையிலேர்ந்து வந்தவங்க. 1931ல வந்த முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ல கதாநாயகி. அவங்க தமிழ் பேச, எதிர்ல ஹீரோ தெலுங்கு பேசுவாரு. அந்தப் படம் ரிலீஸான கினிமா சென்ட்ரல், பின்னாடி முருகன் தியேட்டர் ஆச்சே, அது எங்க தங்கசாலையிலதான் இருந்துச்சு. அஞ்சே வருஷத்துல, 1936ல, ‘மிஸ் கமலா’வைத் தானே எழுதி, தயாரிச்சு, டைரக்ட் பண்ணி, நடிச்சாங்க. தமிழ்ல முதல் பெண் டைரக்டர் அவங்கதான். பேர் வாங்கினதும் நடிப்போட நிறுத்திக்கிட்டிருந்தா இது நடந்திருக்குமா?

இதை எனக்குச் சொன்னதே ஒரு பொண்ணுதான். கடைக்கு வந்து, “அண்ணா, முருகன் தியேட்டர் எந்த இடத்துல இருந்துச்சு?”ன்னு கேட்டுச்சு. காட்டினேன். செருப்பைக் கழட்டிட்டு ரோட்டோரம் நின்னுச்சு. மூட்டை தூக்குறவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க, அது கண்டுக்கல. ராஜலட்சுமியா அதுவே நடிச்சு ஒரு சின்னப் படம் எடுக்கப் போகுதாம், கையில காசு இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில வாம்மா, லாரித் தொல்லை இருக்காதுன்னு சொல்லி மாடியைத் திறந்து விட்டேன். இன்னும் முடிக்கலைன்னு கேள்வி. கேமரா வைக்க இடம் இல்லாம யாராவது அலைஞ்சா இங்க எழுதுங்க. மாடி காலியாத்தான் இருக்கு, வாடகை வேணாம், கரன்ட்டுக்கு மட்டும் ஏதாவது குடுத்தா போதும்.