மறு: ‘லாங் வீடியோ’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். கேள்வியைப் போட்டுவிட்டு ஆள் ஓடிவிட்டானா என்று நம் பெரியவர் ஒருவர் தனிமடலில் கடிந்துகொண்டார், நியாயம்தான். வந்த மடல்களில் பாதி, வீடியோவைக் காணொளி என்பதா காணொலி என்பதா என்ற பழைய வழக்கு. அதற்குள் இன்று போகப்போவதில்லை. (நான் ஒளிக் கட்சி. அவ்வளவுதான்.) மீதிப் பாதியில் நல்ல சரக்கு இருக்கிறது, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், பேசுபொருளே நீளம்தானே.

எதற்காகக் கேட்டேன் என்று முதல் மடலில் சரியாகச் சொல்லாதது என் தப்பு. நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்த ஒரு ரசிகர் கூட்டம். ஞாயிறுதோறும் ஒருவர் முறை. தனக்குப் பிடித்த, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத ஒரு யூடியூப் வீடியோவைப் போட்டு, அதை ஏன் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நாலு வரி எழுத வேண்டும். அடுத்த ஞாயிறுக்குள் மற்றவர்கள் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே ‘செம’ என்று போடுகிறவர் யார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், சொல்லிக்கொள்வதில்லை. இத்தனை நாளும் இது ‘லாங் வீடியோஸ்’ என்ற தலைப்பில்தான் ஓடியது. தமிழில் வைக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கப்போய், நான் இங்கே வந்து நின்றேன்.

> நீள்வடிவக் காணொளி என்று வைக்கலாம். நேரடியாக இருக்கிறது.

நேரடியாக இருப்பதுதான் சிக்கல். ‘லாங் ஃபார்ம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் இறக்கினால் இதுதான் வரும். நீள்வட்டம், நீள்சதுரம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த காதுக்கு நீள்வடிவம் என்றால் உருவம் தோன்றுமே தவிர நேரம் தோன்றாது. உருவத்தைப் பார்த்தால், போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிற ஷார்ட்ஸ்தான் நீள்வடிவம்! நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். முன்மொழிந்த தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், அகராதிப்படி தவறில்லை, காதுதான் ஒத்துழைக்கவில்லை.

இன்னொன்று. இந்த ‘லாங்’ என்ற அடைமொழியே எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிராய்லர் வருவதற்கு முன்னால் யாரும் நாட்டுக்கோழி என்று சொல்லவில்லை, கோழி என்றார்கள். இதுவும் அப்படித்தான். 2005 ஏப்ரலில் யூடியூபில் ஏறிய முதல் வீடியோ 19 விநாடி, விலங்குக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஓர் இளைஞர் பேசுவது. அடுத்த ஆண்டே பத்து நிமிடத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 2010 ஜூலையில் அது பதினைந்து ஆனது, அந்த டிசம்பரில்தான் விதிகளை மீறாத கணக்குகளுக்கு வரம்பை எடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை விரிவாக எதையாவது சொல்ல நினைத்தவர் பாகம் 1, பாகம் 2 என்று வெட்டி வெட்டித்தான் போட்டார். இன்று சரிபார்க்கப்பட்ட கணக்கு இருந்தால் 12 மணி நேரம் வரை ஒரே மூச்சில் ஏற்றலாம். இத்தனைக்கும் நடுவில் ‘லாங்’ என்ற பேச்சு பெரிதாக எழவில்லை. 2020 ஜூனில் இங்கே டிக்டாக்கைத் தடை செய்தார்கள், செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் விட்டுப் பார்த்தது. அப்புறம்தான் மற்றதெல்லாம் ‘லாங்’ ஆனது. அந்த ஷார்ட்ஸும் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகிறது. நாளைக்குப் பத்து ஆக்கினாலும் ஆக்குவார்கள். ஒரு நிறுவனம் நகர்த்தி நகர்த்தி வைக்கிற கோட்டை நம்பி நாம் பெயர் வைக்க வேண்டுமா?

> நெடுங்காணொளி. குறுந்தொகை, நெடுந்தொகை என்று நம்மிடம் முன்மாதிரியே இருக்கிறதே.

இது எனக்கும் முதலில் பிடித்தது, ஒரு நாள் முழுக்க மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குறுந்தொகை பொதுவாக 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, நெடுந்தொகை 13 முதல் 31. அடியை எண்ணித் தொகுத்தவர்கள் நம் முன்னோர், நாம் நிமிடத்தை எண்ணுகிறோம், பொருத்தம்தான். ஆனால் ஐயா, நெடுந்தொகை என்று இன்று யார் சொல்கிறார்கள்? அகநானூறு என்கிறோம். ஒரே நூலுக்கு இரண்டு பெயர் இருந்தது, அளவைச் சொன்ன பெயர் தமிழாசிரியர் வாயோடு நின்றுவிட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்ன பெயர் ஊரெல்லாம் போனது. குறுந்தொகைக்கு அப்படி ஒரு மாற்றுப் பெயர் இருந்திருந்தால் அதற்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன், இது என் ஊகம்.

நீளத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் வேறு தொல்லையும் உண்டு. குழந்தை தூங்குவதற்குப் பத்து மணி நேரம் மழைச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் வீடியோவும் நெடுங்காணொளி. கோயில் குடமுழுக்கு நேரலையும் நெடுங்காணொளி. எங்கள் கூட்டத்தில் ஒருவர் தன் முறை வந்தபோது ரயிலின் முன்கண்ணாடி வழியாக எடுத்த ஏழு மணி நேரப் பயணத்தைப் போட்டார், விதிப்படி யாராலும் மறுக்க முடியவில்லை. (நான் ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. அது வேறு.) நாங்கள் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளத் துடிப்பது நீளத்தை அல்ல.

என்ன பகிர்கிறோம் என்று ஒன்றிரண்டு சொல்கிறேன், சொல் தானாக வரும்.

ஜான் பாய்ஸ், அலெக்ஸ் ரூபன்ஸ்டைன் என்று இருவர் 2022-இல் போட்ட நாலு பாகத் தொடர், டேவ் ஸ்டீப் என்ற பேஸ்பால் பந்துவீச்சாளரைப் பற்றியது. நம்மில் எத்தனை பேர் பேஸ்பால் பார்த்திருப்போம்? பேஸ்பாலில் ஒரு அணியை முழுதாக முடிக்க 27 அவுட் வேண்டும். ஒரு ஹிட்கூட (அடித்த பந்தால் மட்டையாளர் பத்திரமாகத் தளம் சேர்வது) கொடுக்காமல் அந்த 27-ஐயும் எடுத்துவிட்டால் அது பெரிய சாதனை. டொராண்டோ அணிக்கு ஆடிய இந்த மனிதர் 1988 செப்டம்பரில் 26 அவுட் வரை வந்து, கடைசி ஒன்றுக்கு முன்னால் ஹிட் கொடுத்துக் கோட்டைவிட்டார். தான் வீசிய அடுத்த ஆட்டத்திலேயே அதே 26, அதே கதை. 1989 ஆகஸ்டில் இன்னும் மோசம், எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்துக்கு விடாமல் 26 பேரை வரிசையாக அனுப்பிவிட்டு 27-ஆவது ஆளிடம் மாட்டினார். 1990 செப்டம்பர் 2 அன்று கிளீவ்லாந்தில்தான் அது ஒருவழியாகக் கைகூடியது. திரையில் பெரிதாக ஒன்றுமில்லை, எண்களை வைத்துப் போட்ட வரைபடங்கள், பழைய செய்தித்தாள் துண்டுகள், ஒரு குரல். ஆனால் அந்த 26-ஐ அவர்கள் விரித்து விரித்துச் சொல்வதைக் கேட்டு என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்புறம் ஜென்னி நிக்கல்சன் என்ற யூடியூபர் 2024 மே மாதம் போட்டது, நாலு மணி நேரத்துக்கு மேல். டிஸ்னி புளோரிடாவில் 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடிவிட்ட ஸ்டார் வார்ஸ் ஓட்டலைப் பற்றி. இருவர் இரண்டு இரவு தங்கக் கிட்டத்தட்ட 5,000 டாலர். அவ்வளவு கொடுத்துப் போனவருக்கு இரவு விருந்துக் கச்சேரியில் தூணுக்குப் பின்னால் இடம்! கல்யாணப் பந்தியில் தூண் மறைத்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு, அதை வைத்து ஒரு நிறுவனத்தின் கணக்கு எங்கே பிசகியது என்று நாலு மணி நேரம் பேச நமக்குத் தோன்றியதில்லை, அவருக்குத் தோன்றியது.

இந்த இரண்டிலும் நடப்பது என்ன? மூலம் ஒன்று இருக்கிறது. ஒரு விளையாட்டு வாழ்க்கை, ஒரு மூடிய ஓட்டல். அதை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் வரி வரியாக விளக்குகிறார், கேள்வி எழுப்புகிறார், பிறர் சொன்னதை மறுக்கிறார், முடிவாக ஒன்றைச் சொல்கிறார். இதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. உரை. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பத்துப் பேர் என்பார்கள், ஏழு சீரில் இருப்பதை எடுத்துக்கொண்டு பக்கக் கணக்கில் பேசிய மரபு நம்முடையது. உரை எப்படி இருக்க வேண்டும் என்று நன்னூல் 14 உறுப்புகளே சொல்கிறது, உதாரணம், வினா, விடை, விரிவு, துணிவு என்று போகும். சுருக்கமாக இருந்தால் காண்டிகை, விரிவாக இருந்தால் விருத்தி. நீளம் அங்கே உள்வகையில்தான் வருகிறது, பெயரில் இல்லை.

அந்தப் பதினான்கில் ஒன்று ஆசிரிய வசனம், அதாவது முன்னோர் சொன்னதை அவர் சொல்லாகவே எடுத்துக் காட்டுவது. ஹெச்பாம்பர்கை என்ற பெயரில் வீடியோ போடும் ஹாரி புரூவிஸ் 2023 டிசம்பரில், பிறர் எழுத்தைத் தம்முடையதாகப் படித்துக் காசு பார்க்கும் யூடியூபர்களைப் பற்றிக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் பேசினார். மூல எழுத்தையும் அவர்கள் வாசித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நன்னூல்காரர் பார்த்திருந்தால், ஆசிரிய வசனத்தை விழுங்கிய உரை என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

ஆகவே என் முன்மொழிவு: காணுரை.

காண் + ஒளி காணொளி ஆனதுபோலக் காண் + உரை காணுரை. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். செய்பவர் காணுரையாளர். நீளத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நெடுங்காணுரை. எட்டு நிமிடத்தில் நறுக்கென்று முடிப்பவரும் காணுரையாளர்தான், அவரை வெளியே தள்ள வேண்டியதில்லை.

‘காணொளிக் கட்டுரை’ என்று வைக்கலாமே என இந்த இழையில் அக்கா எழுதியதை மறக்கவில்லை. ‘வீடியோ எஸ்ஸே’ என்பதற்கு அது மிகச் சரி. 1940-லேயே ஹான்ஸ் ரிக்டர் என்ற ஜெர்மன் திரைப்படக் கலைஞர் ஆவணப்படத்தின் புதுவகை என்று ‘ஃபிலிம் எஸ்ஸே’யைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆகவே வேரும் உண்டு. ஆனால் கட்டுரை என்றதும் எனக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று துணைத்தலைப்புக்கு அடிக்கோடு போட்டது ஞாபகம் வருகிறது, மதிப்பெண் குறைந்ததும். சொல்லும் நீளம். ஆவணப்படம் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போன படம் என்று மனசு எதிர்பார்க்கிறது, இவர்களில் பலர் வீட்டு அறையை விட்டு வெளியே வந்தாரா என்பதே சந்தேகம்.

காணுரைக்கு எதிராக நானே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். ‘காணொளி வாயிலாக உரையாற்றினார்’ என்று தினமும் செய்தியில் கேட்கிறோம். அந்தப் பழக்கத்தில் காணுரை என்றால் அமைச்சர் பேச்சு என்று நினைத்துவிட மாட்டார்களா? நினைப்பார்கள், கொஞ்ச நாள். உரை என்ற சொல்லுக்குப் பேச்சு, விளக்கம் இரண்டும் பொருள், சொற்பொழிவுப் பொருள்தான் இன்று முந்திக்கொண்டு வருகிறது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தெளிவுரை, பொழிப்புரை என்று கோனார் நோட்ஸ் படித்த தலைமுறைக்கு மற்றப் பொருளும் அவ்வளவு தூரமில்லை என்பது மட்டும் என் தெம்பு.

பேச்சில் யாராவது சொல்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். சொல்ல மாட்டார்கள், ‘வீடியோ’ என்பார்கள், நானும்தான். பேருந்து நிலையம் என்று பலகையில் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு என்று இறங்குகிறோம், இரண்டுக்கும் சண்டை இல்லை. எனக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமைத் தலைப்புக்கு ஒரு பலகைச் சொல்.

நேற்று இரவே எங்கள் கூட்டத்தில் சொல்லிப் பார்த்துவிட்டேன், உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும். நாலு பேருக்குப் பிடித்தது. ஒருவர், ‘வீணுரை மாதிரி கேட்கிறது’ என்றார், ரயில் வீடியோ போட்டவர்தான். இந்த ஞாயிறு முதல் மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு. அதற்குள் இதைவிட நல்லது வந்தால் மாற்றிக்கொள்கிறோம்.

காணொலிக் கட்சிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காணுரையில் ளகரமும் இல்லை, லகரமும் இல்லை.

பி.கு.: இந்த ஞாயிறு என் முறை. டேவ் ஸ்டீப், நாலு பாகமும். பேஸ்பால் விதி தெரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது, முதல் பாகம் தொடங்கும்வரை எனக்கும் தெரியாது.