ஏஐயிடம் ப்ராம்ப்டை (நாம் கொடுக்கும் கட்டளையை) ஆங்கிலத்தில் போட்டால்தான் போஸ்ட் நன்றாக வருமா? எனக்கு வந்தது சர்க்கரைப் பாகு

கரிசல்மண் (காலை 6:40)
நேற்று விளம்பரவாத்தியார் இங்கே எழுதியதற்குத்தான் இந்த இழை. "ஏஐயிடம் தமிழில் ப்ராம்ப்ட் போடுவது வெட்டி வேலை. ஆங்கிலத்தில் கேளுங்கள், பதிலை மட்டும் தமிழில் வாங்குங்கள், போஸ்ட் பிய்த்துக்கொண்டு போகும்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாக ஆமாம் போட்டிருந்தார்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

நான் கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் இதே யோசனையை நம்பி மகளை உட்கார வைத்து, எங்கள் பீனட் கேண்டி கடைக்கு ஆளை இழுக்கிற மாதிரி தமிழில் ஒரு இன்ஸ்டாகிராம் போஸ்ட் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டோம். வந்தது இதுதான்: "உங்களுக்குத் தெரியுமா? மொறுமொறு வேர்க்கடலையும் தித்திக்கும் சர்க்கரைப் பாகும் கைகோக்கும் அற்புதம்!" பக்கத்தில் ராக்கெட் படக்குறி (எமோஜி) வேறு. அவசரத்தில் சரியாகப் படிக்காமல் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் சாத்தூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் போன் போட்டு, "அண்ணாச்சி, எப்போது சீனிக்கு மாறினீங்க?" என்று கேட்டார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கரிசல் காட்டுக் கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்ததுதானே எங்கள் ஊர் மிட்டாய், அதற்குத்தானே 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது!

அப்புறம் நானே தமிழில் எழுதிக் கேட்டேன். அப்படியே தருகிறேன்: "கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை. வெல்லப்பாகு, கரிசல் கடலை. வாங்குகிறவர்கள் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் பார்சல் அனுப்பும் அப்பா அம்மா. நாலு வரிக்கு மேல் வேண்டாம். உங்களுக்குத் தெரியுமா என்று ஆரம்பிக்காதே. படக்குறி வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி கேள்." வந்த போஸ்டின் முதல் வரி, "ஊர்ப் பார்சலைப் பிரித்ததும் முதலில் கை எங்கே போகும்?" கூரியர் உண்டா என்று கேட்டுக் கீழே ஆட்கள் வந்தார்கள். தமிழில் கேட்டால் தமிழாக வருகிறது, அவ்வளவுதான்.

விளம்பரவாத்தியார் (காலை 7:15)
அண்ணாச்சி, கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் இரண்டு வெவ்வேறு ப்ராம்ப்டை வைத்துக்கொண்டு மொழியைக் குற்றம் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஒரே வரி, தமிழில் ஏழு வரி. வாடிக்கையாளர் யார், எத்தனை வரி, என்ன கூடாது என்பதையெல்லாம் ஆங்கிலத்திலும் சொல்லியிருந்தால் அதுவும் நன்றாகவே வந்திருக்கும். பன்னிரண்டு வருடமாக விளம்பரத்தில் இருக்கிறேன், சும்மா சொல்லவில்லை.

இன்னொன்று, சர்க்கரை என்று வந்தது தப்பே இல்லை. சர்க்கரைப் பொங்கலில் என்ன போடுகிறோம்? வெல்லம். ஏஐ எழுதியது நல்ல தமிழ், உங்கள் வாடிக்கையாளர்தான் தப்பாகப் படித்திருக்கிறார்.

கரிசல்மண் (காலை 7:22)
வாடிக்கையாளர் தப்பாகப் படித்தாரா? முப்பது வருடமாக என் கடையில் வாங்குகிறவர் அவர். விளம்பரம் படிக்கிறவனுக்காகவா, அகராதிக்காகவா? சர்க்கரைப் பாகு என்று படித்தால் அவருக்கு வெள்ளைச் சீனிதான் ஞாபகம் வந்தது, போன் வந்தது எனக்கு, பதில் சொன்னவன் நான். பொங்கலை ஏன் இழுக்கிறீர்கள்?

குறியீட்டாளன் (காலை 8:03)
உணர்ச்சிவசப்படாமல் ஒரு தகவல். ஏஐ மாடல்கள் எழுத்தை டோக்கன் என்கிற சின்னச் சின்னத் துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. தமிழ் அதிகத் துண்டாக உடையும் என்பது உண்மை. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது, அதைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் காட்டிய உதாரணத்தில் ஒரே வாக்கியம் தமிழில் முன்பு 116 டோக்கன், புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் 27 இருந்தது 24 ஆனது. ஆக இடைவெளி நன்றாகவே குறைந்துவிட்டது. வாத்தியார் சொல்வது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய நிலைமை.

விளம்பரவாத்தியார் (காலை 8:10)
35-ஐ விட 24 குறைவுதானே தம்பி? நீங்களே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

குறியீட்டாளன் (காலை 8:14)
ஒரு வாக்கியத்துக்குப் பதினோரு டோக்கன் கூடினால் என்ன குடி முழுகிவிடும்? டோக்கன் குறைந்தால் போஸ்ட் நன்றாக வரும் என்று யார் சொன்னது? நான் சொன்னதை முழுதாகப் படியுங்கள்.

நெசவுக்காரி (காலை 9:30)
நான் அருப்புக்கோட்டையிலிருந்து சேலை விற்கிறேன். இரண்டு மொழியிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டிலும் முதலில் குப்பைதான் வந்தது. எனக்கு மாற்றம் வந்தது வேறு இடத்தில். நானே எழுதி நன்றாக ஓடிய பழைய போஸ்ட் மூன்றை அப்படியே ஒட்டி, "இந்த மாதிரிப் பேச்சில் எழுது" என்று சொன்னேன். அப்புறம்தான் என் குரல் மாதிரி வந்தது. இன்னொன்று, போனில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி "மேலும்" என்பதற்குள் போய்விடும். அதனால் சேலை நிறமும் விலையும் முதல் வரியிலேயே வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை போடலாம்தான், ஆனால் அவ்வளவையும் யார் படிக்கிறார்கள்?

கரிசல்மண் (காலை 9:41)
அக்கா, நீங்கள் ஒட்டிய மூன்று போஸ்டும் தமிழ்தானே? அப்போ உங்கள் ப்ராம்ப்டும் தமிழ்தான். நான் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள்.

நெசவுக்காரி (காலை 9:44)
இல்லை அண்ணாச்சி, கட்டளை வரி ஆங்கிலத்தில்தான் இருந்தது.

விளம்பரவாத்தியார் (காலை 9:45)
ஆகா.

கரிசல்மண் (காலை 9:52)
என்ன ஆகா? மாதிரி மூன்றும் தமிழ். அதைப் பார்த்துத்தான் அது எழுதியது. ஆங்கில வரியை எடுத்துவிட்டாலும் அதே போஸ்ட் வந்திருக்கும். என் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை, சர்க்கரைப் பாகு எங்கிருந்து வந்தது? நான் சொல்கிறேன். கேண்டி என்ற வார்த்தையிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் மிட்டாய் என்றால் சீனிப்பாகு, அதைத் தமிழில் மாற்றிக் கொடுத்துவிட்டது. கடலை மிட்டாய் என்று தமிழில் எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை.

விளம்பரவாத்தியார் (காலை 10:05)
அப்போ தப்பு ஆங்கிலத்தில் இல்லை, பீனட் கேண்டி என்று எழுதிய உங்களிடம். ஆங்கில வாக்கியத்துக்குள்ளேயே கோவில்பட்டிக் கடலை மிட்டாய் என்று பெயரை அப்படியே எழுதியிருக்கலாம், புவிசார் குறியீட்டுப் பதிவிலும் பெயர் அதுதானே? அல்லது சிக்கி என்று போட்டிருக்கலாம்.

புனேவாசி (காலை 10:20)
சிக்கியும் கடலை மிட்டாயும் ஒன்றுதானே? நான் புனே பக்கம் லோனாவலாவில் வாங்கிச் சாப்பிடுவேன், அதிலும் வெல்லம்தான். பெயர்தான் வேறு.

கரிசல்மண் (காலை 10:23)
ஒன்றா? தம்பி, ஒரு தடவை எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பட்டறையில் நின்று பாருங்கள். பாகு பதம் வேறு, கடலை வேறு, தண்ணீர் வேறு, மேலே தூவுகிற தேங்காய்ப்பூ வேறு. என் தாத்தா காலத்தில் கருப்பட்டியில் போட்டார்கள், இன்றைக்கு வெல்லத்தில் போடுகிறோம், ஒருநாளும் சிக்கி என்று சொல்லி விற்றதில்லை.

புனேவாசி (காலை 10:31)
நான் ருசியைச் சொன்னேன். அதற்கு இவ்வளவு கோபமா?

ஒற்றுப்பிழை (காலை 11:02)
எல்லாரும் மொழி மொழி என்கிறீர்கள். ஏஐ போடும் பொங்கல், தீபாவளி போஸ்ட் எல்லாவற்றிலும் "வாழ்த்துக்கள்" என்று ஒற்று சேர்த்துத்தான் வருகிறது. வாழ்த்துகள் என்பதே சரி. ப்ராம்ப்டிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். போன தீபாவளிக்கு வாத்தியார் ஒரு கடைக்குச் செய்து கொடுத்த பேனரிலும் இதே பிழை இருந்தது, நான் அப்போதே சொன்னேன், கண்டுகொள்ளவில்லை.

விளம்பரவாத்தியார் (காலை 11:10)
மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா? வாழ்த்துக்கள் என்று எழுதுகிற தமிழாசிரியர்களே இருக்கிறார்கள். அந்தப் பேனரைப் பார்த்து ஒருவரும் கடைக்கு வராமல் போகவில்லை.

ஒற்றுப்பிழை (காலை 11:13)
எத்தனை பேர் எழுதினாலும் பிழை பிழைதான். தமிழில் பேனர் செய்து காசு வாங்குகிறவருக்கு இதில் அக்கறை வேண்டும்.

குறியீட்டாளன் (காலை 11:40)
எழுத்து என்றதும் ஒன்று. எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்து என்பார்கள், தமிழில் அது நம் எழுத்துக் கணக்கு அல்ல. கோவில்பட்டி என்பது நமக்கு ஆறு எழுத்து. அங்கே 11, ஏனென்றால் கொம்பு, கால் மாதிரிக் குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படும் (கோ-வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று). ஏஐயிடம் "280 எழுத்துக்குள் எழுது" என்று சொன்னால் அதுவும் பல தடவை சரியாக எண்ணாது, கூடுதலாக எழுதிவிடும். "மூன்று சிறிய வாக்கியம்" என்று சொல்வதுதான் வேலை செய்கிறது.

ஒற்றுப்பிழை (காலை 11:48)
கால், கொம்பு தனி எழுத்து ஆகாது. கோ ஓர் எழுத்து. கணினிக்காரர்கள் இலக்கணத்தை மாற்ற முடியாது.

குறியீட்டாளன் (காலை 11:50)
நான் இலக்கணத்தை மாற்றவில்லை ஐயா. போஸ்ட் ஏன் பாதியில் நிற்கிறது என்று சொன்னேன்.

விளம்பரவாத்தியார் (மதியம் 12:30)
பேச்சு எங்கெங்கோ போகிறது. நான் சொன்னது ஒன்றே ஒன்று. இந்த மாடல்கள் படித்ததில் ஆங்கிலம்தான் அதிகம், அதனால் நுணுக்கமான கட்டளையை ஆங்கிலத்தில் சொன்னால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். என் வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கரிசல்மண் (மதியம் 12:41)
வகுப்பு! இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. நூறு ஆங்கில ப்ராம்ப்டை ஒரு பிடிஎஃப்பில் போட்டு விற்கிறவர், தமிழில் கேட்டாலே போதும் என்று எப்படிச் சொல்வார்? எங்களை மாதிரிக் கடைக்காரனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதுதானே உங்கள் வியாபாரம்? நான் பத்தாவது படித்தவன். எனக்கு என் சரக்கைப் பற்றித் தமிழில் சொன்னால் ஏழு வரி வருகிறது, ஆங்கிலத்தில் ஒரே வரிதான் வருகிறது. அந்த ஒரு வரி ஏன் ஒரு வரியாக இருந்தது என்று இப்போதாவது புரிகிறதா? பட்டறைச் சூடு, பாகு பதம், பார்சல் கட்டும்போது பெற்றவர்கள் சொல்லி அனுப்புகிற சேதி, இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல நான் எங்கே போவேன்?

நெசவுக்காரி (மதியம் 12:55)
இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி. நியாயமான பேச்சு.

விளம்பரவாத்தியார் (மதியம் 1:02)
என் பிழைப்பைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை. பணம் கொடுத்து வந்தவர்கள் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வராது என்பதால் ஆங்கிலமே வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது. மறுபடி சொல்கிறேன், சர்க்கரை என்ற சொல்லில் தப்பில்லை. நாட்டுச் சர்க்கரை என்று கேட்டால் எந்தக் கடையிலாவது வெள்ளைச் சீனி தருகிறார்களா?

கரிசல்மண் (மதியம் 1:06)
நாட்டுச் சர்க்கரை என்று அது எழுதவில்லை. சர்க்கரைப் பாகு என்று எழுதியது.

விளம்பரவாத்தியார் (மதியம் 1:08)
சர்க்கரைப் பொங்கல்.

கரிசல்மண் (மதியம் 1:09)
சாத்தூரிலிருந்து வந்த போனை எடுத்தவன் நான். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது, அவரையே இங்கே வந்து எழுதச் சொல்கிறேன், அவரிடம் போய்ச் சொல்லுங்கள் பொங்கல் கதையை.