தஞ்சாவூரில் ஒன்றரை வருடமாகப் படிக்கிறேன், ஊரையே பார்க்கவில்லை. எங்கே தொடங்குவது?

ஹாஸ்டல்வாசி:

சொந்த ஊர் தர்மபுரி. தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. வந்ததிலிருந்து பெரிய கோயிலுக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் ஃபர்ஸ்ட் இயரில் பதினைந்து பேர் கும்பலாக, மே மாதம் பகல் பதினொன்றரைக்கு. தரையில் கால் வைக்க முடியவில்லை. நந்தி முன்னால் ஒரு போட்டோ, அப்புறம் ஓட்டமாக வெளியே வந்து பரோட்டா.

இப்போது சிக்கல் என்னவென்றால், அடுத்த மாதம் சித்தப்பா குடும்பத்தோடு வருகிறார், "நீதான் அங்கேயே இருக்கியே, எல்லாம் சுத்திக் காட்டு" என்று சொல்லிவிட்டார். அவர் கேள்வி கேட்கிற ஆள். அதற்குள் எனக்கு மூன்று ஞாயிறு இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கு முந்நூறு ரூபாய் செலவழிக்கலாம். யூடியூபில் பார்த்தால் ஒரே நாளில் பதினைந்து இடம் என்கிறார்கள். வரலாறு எனக்குச் சுத்தமாகத் தெரியாது. எதை விடலாம், எதை விடக்கூடாது?

பழைய மாணவன்:

பதினைந்து இடமா, அந்த வீடியோவை மூடி வையுங்கள். நானும் உங்களைப் போலத்தான், இங்கே ஐந்து வருடம் படித்தேன், முதல் மூன்று வருடம் வீண்.

முதல் ஞாயிறு முழுக்கப் பெரிய கோயிலுக்கே கொடுங்கள். விடியற்காலை போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கும். ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், சிரிக்க வேண்டாம், ஒன்பது மணிக்கு மேல் நன்றி சொல்வீர்கள். எல்லாரும் கழுத்தை வளைத்து கருவறைக்கு மேல் எழும் கோபுரமான 216 அடி விமானத்தையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் கீழே பாருங்கள். அடிப்பகுதி முழுக்க எழுத்து. 1010-ல் கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜன், "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். அக்கன் என்றால் குந்தவை. இவ்வளவு பெரிய ராஜா தன் பெயருக்கு அடுத்து அக்கா பெயரை வைக்கிறான், எனக்கு அந்த வரியில்தான் இந்தக் கோயில் பிடித்துப்போனது.

இன்னொன்று, திருச்சுற்றின், அதாவது கோயிலைச் சுற்றி வரும் மதிலின் வெளிச்சுவரில் நானூறு தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின் பட்டியல் இருக்கிறது. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு என்று முகவரியோடு. எல்லாப் பெயரும் "நக்கன்" என்றுதான் தொடங்கும். ஆளுக்கு வருடத்துக்கு நூறு கலம் (பழைய முகத்தல் அளவு) நெல். உங்கள் ஹாஸ்டல் ரூம் அலாட்மென்ட் லிஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். பழைய எழுத்து என்பதால் முதலில் ஒன்றும் புரியாது, ஆனால் க, ட, ப, ம நாலைந்து எழுத்தைப் பிடித்துவிட்டால் அரை மணி நேரத்தில் ஒரு சொல்லாவது சிக்கும். எனக்கு முதலில் சிக்கியது "நக்கன்"தான், ஏனென்றால் அது விடாமல் வந்துகொண்டே இருக்கும்.

சோழப்புலி:

விமானத்தோட நிழல் தரையில விழாது ப்ரோ. அதைக் காட்டுங்க, சித்தப்பா அசந்துபோயிடுவார்.

கீழவாசல்காரன்:

தம்பி, தயவுசெய்து நிழல் கதையை மட்டும் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். காலை எட்டு மணிக்கு விமானத்துக்குப் பின்னால் மேற்குப் பக்கம் போய் நின்று பாருங்கள், நிழலுக்குள்தான் நிற்பீர்கள். சின்ன வயதில் நாங்கள் அந்த நிழலில் உட்கார்ந்துதான் புளிசாதம் சாப்பிட்டிருக்கிறோம். அந்தப் பெரிய நந்தியும் ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது. சுவரில் 1803-ல் வெட்டிய மராத்தி எழுத்தும் உண்டு, தஞ்சையை ஆண்ட மராட்டிய போன்ஸ்லே ராஜாக்களின் வம்ச வரலாறு. சோழர், நாயக்கர், மராட்டியர் என்று ஆளாளுக்கு ஒன்று சேர்த்த ஊர் இது, சோழனோடு நிறுத்திக்கொண்டால் பாதி ஊரைப் பார்க்காத மாதிரி.

மெக்கானிக்கல் என்கிறீர்கள், அப்படியானால் எங்கள் கீழவாசல் பக்கம் வாருங்கள். பீரங்கி மேடு என்று கேட்டால் சொல்வார்கள். ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி, சுமார் 26 அடி. அது வார்த்து எடுத்ததில்லை. நீளநீளமான இரும்புப் பட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி, அதன்மேல் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, அடித்து இறுக்கியிருக்கிறார்கள். வாய்ப்பக்கம் குனிந்து பார்த்தால் பட்டைகள் தெரியும். நானூறு வருடம் மழையில் வெயிலில் கிடக்கிறது, எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கம்பி நாலு வருடத்தில் உதிர்ந்துவிட்டது.

தயிர்சாதம்:

கீழவாசல் அண்ணன் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எம்.ஏ. படிக்கிறேன்.

இரண்டாவது ஞாயிறு அரண்மனை. உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக்கெட், அதனால் வாசலிலேயே வாங்கித் தள்ளாதீர்கள். காசு குறைவாக இருந்தால் கலைக்கூடம் மட்டும் போதும், அரண்மனையில் இருக்கிற திமிங்கல எலும்புக்கூட்டைச் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைத் தேடுங்கள், காளையை வாகனமாகக் கொண்ட சிவன், 1011-ல் செய்த செப்புத் திருமேனி. தலைமுடியையே தலைப்பாகை மாதிரி சுற்றியிருப்பார், ஒரு காலைக் குறுக்கே போட்டு ஒரு கையை மடக்கிச் சாய்ந்து நிற்பார். எதன்மேல் சாய்ந்திருக்கிறார்? காளை மேல். ஆனால் அங்கே காளை இல்லை! காளை இல்லாமலே அது அங்கே நிற்பது தெரியும். நான் நாலு தடவை போய்விட்டேன், வாட்ச்மேன் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

சரஸ்வதி மகால் நூலகம் அதே வளாகம்தான். ஓலைச்சுவடிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகப் பகுதி மட்டும்தான் நமக்கு, மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி சேர்த்தவை அதில் நிறைய. சாயங்காலம் மிச்சமிருந்தால் சிவகங்கைப் பூங்கா பக்கம் ஸ்வார்ட்ஸ் சர்ச், 1779-ல் கட்டியது. சாகக் கிடக்கிற பாதிரியார் ஸ்வார்ட்ஸ் பக்கத்தில் சரபோஜி நிற்கிற மாதிரி ஒரு சலவைக்கல் சிற்பம் உண்டு, லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது.

மூன்றாவது ஞாயிறு திருவையாறு பஸ் ஏறுங்கள், ஜன்னல் சீட் பிடித்துப் பாலங்களை எண்ணுங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஊர்ப்பெயரின் அர்த்தம் பஸ்ஸிலேயே புரிந்துவிடும். ஐயாறப்பர் கோயில், ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி, கையில் சூடாக அசோகா அல்வா. பெண்கள் எங்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, உங்களுக்கு உண்டு, அந்த வருத்தத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சோழப்புலி:

சரி, நிழல் விஷயம் வாபஸ். ஸ்கூல்ல வாத்தியாரே சொன்னது, நான் என்ன செய்ய.

ஹாஸ்டல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. முதல் ஞாயிறு முடிந்தது. ஆறரைக்கே போய்விட்டேன், சாக்ஸோடு. வாசலில் ஒரு கைடு ஐந்நூறு கேட்டார், வேண்டாம் என்றதும் முந்நூறுக்கு இறங்கி வந்தார், நான் பேசாமல் நடந்துவிட்டேன். எட்டு மணிக்கு மேற்குப் பக்கம் நின்றேன், நிழல் என் மேலேயே விழுந்தது, செல்ஃபி எடுத்து வைத்திருக்கிறேன்.

கல்வெட்டு ஒன்றும் படிக்க வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததில் ஒரே ஒரு "ம" நிச்சயம், இன்னொன்று "ப"வா "ய"வா என்று சண்டை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டியா" என்று கேட்டார்.

அங்கிருந்து நேரே பீரங்கி மேட்டுக்கு நடந்தேன். வளையங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் கணக்கு விட்டுவிட்டது. கீழவாசல் அண்ணா, காய்ச்சிய வளையத்தை ஏற்றி ஆறவிட்டு இறுக்குவதை எங்களுக்குப் போன செமஸ்டரில்தான் நடத்தினார்கள், அந்தப் பேப்பரில் எனக்கு அரியர். மொத்தச் செலவு நூற்றுப்பத்து ரூபாய், அதில் எழுபது தோசைக்கும் காபிக்கும்.