வயலினில் ஈ தந்தி மூன்றாவது தடவையும் அறுந்துவிட்டது, எந்தத் தந்தி செட் வாங்கலாம்?

குளச்சல்காரன்:
வயலின் ஆரம்பித்து எட்டு மாதம். சனிக்கிழமை நாகர்கோவிலில் வாத்தியாரிடம் கர்நாடக சங்கீதம், இரண்டு கட்டை ஸ்ருதி, அதாவது கீபோர்டில் டி. ஞாயிறு காலையில் கோயில் பாடகர் குழு, கீபோர்டோடு சேர வேண்டும் என்பதால் ஜி, டி, ஏ, ஈ என்று ஏற்றிக்கொள்வேன். ஈ தந்தி இதோடு மூன்று முறை போய்விட்டது, கடைசியாகப் பூசை நடுவில் டங்கென்று அறுந்ததில் பீடச் சிறுவர்கள் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற மூன்றும் வயலினோடு வந்தவை, ஏ தந்தியில் சுற்றுக் கம்பி பிரிந்து விரலில் குத்துகிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை இருக்கிறது. டாமினன்ட் என்கிற செட்டை வாங்கு என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

வடசேரி:
மக்கா, செட் இருக்கட்டும், முதலில் ஒன்று சொல்லு. அறுந்தது எந்த இடத்தில்? மேலே தந்தியை முறுக்குகிற பிரடைப் பக்கமா, நடுவில் தந்தியைத் தாங்குகிற குதிரை மேலேயா, கீழே ஸ்ருதியை நுணுக்கமாகச் சரிசெய்கிற ஃபைன் ட்யூனர் கொக்கியிலா?

குளச்சல்காரன்:
கொக்கியில்தான் அண்ணே, மூன்று தடவையும். இப்போது தடவிப் பார்த்தேன், பிசிறு மாதிரி ஏதோ விரலில் படுகிறது.

வடசேரி:
அதுதான் விஷயம். நைஸ் உப்புத்தாளை மடித்து அந்தக் கொக்கியில் நாலு இழுப்பு இழு, வழுவழுப்பாகட்டும். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அங்கேயேதான் அறும். அப்புறம் இரண்டு கட்டைக்கு இறக்கினால் ஈ தந்தி ஏ ஆகிவிடுகிறது, கீபோர்டில் கருப்பும் வெள்ளையுமாக எண்ணிப் பார், ஏழு கீ. வாரா வாரம் ஏழு கீ ஏற்றி இறக்கினால் எந்தக் கம்பிதான் தாங்கும்?

தக்கலை அக்கா:
தம்பி, டாமினன்ட் நல்ல தந்திதான், நானே போட்டிருக்கிறேன். ஆனால் அது செயற்கை இழை, புதிதாகப் போட்டால் சில நாள் இழுபட்டு ஸ்ருதி இறங்கிக்கொண்டே இருக்கும், வாரத்துக்கு இரண்டு ஸ்ருதி வைக்கிற உங்களுக்கு இப்போது சரிப்படாது. ஸ்டீல் போடுங்கள், பிராஸ்ட்ரோ குரோம்கோரோ டடாரியோ பிரெலூடோ போதும். சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும், பரவாயில்லை. இழுவிசையில் மீடியம்தான் எடுக்க வேண்டும், லைட் எடுத்தால் இரண்டு கட்டையில் தொளதொளவென்று கிடக்கும். ஸ்டீலுக்கு நான்கு தந்தியிலும் ஃபைன் ட்யூனர் வேண்டும், பிரடையை இம்மி திருப்பினாலே ஸ்ருதி எங்கோ போய்விடும். குடல் தந்தி பேச்சே வேண்டாம், இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் அதோடு மல்லுக்கட்ட முடியாது.

தனியாகச் சாதகம் செய்யும்போது ஐந்து கட்டை வைக்கலாமா என்று வாத்தியாரிடம் கேளுங்கள். அதில் ஜி, டி அப்படியே நிற்கும், ஏயும் ஈயும் இரண்டு கீ இறங்கினால் போதும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பழைய வயலின் ஒன்று கிடைக்கிறபோது அதைக் கோயிலுக்கென்று வைத்துவிடுங்கள்.

மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நான் துடைக்கிறேன் என்று ஒருநாள் நான்கையும் ஒன்றாகக் கழற்றினேன், குதிரை சாய்ந்தது, உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கிற சின்னக் குச்சி, சவுண்ட் போஸ்ட், விழுந்து கிலுகிலுப்பை மாதிரி உருண்டது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்தான் நிமிர்த்தினேன். குதிரைப் பள்ளத்திலும் மேலே தந்தி படிகிற பள்ளத்திலும் பென்சில் முனையால் தேய்த்துவிட்டால் தந்தி சிக்காமல் நழுவும்.

வடசேரி:
குளச்சலில் கடற்காற்று வேறு. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்துவிடு, ஈ தந்திதான் முதலில் துரு ஏறும். கமகத்துக்கு விரலில் தேங்காய் எண்ணெய் தொடுகிற ஆள் என்றால் வில் படும் இடத்துக்கு அது வராமல் பார்த்துக்கொள், வில்லில் தேய்க்கிற ராசின் பிடிக்காது.

குளச்சல்காரன்:
ஈ தந்தியில் நுனியில் உருண்டை வைத்த பால், கண்ணி வைத்த லூப் என்று இரண்டு வகை போட்டிருக்கிறதே, எனக்கு எது?

தக்கலை அக்கா:
கொக்கியைப் பாருங்கள். ஒற்றை முனை என்றால் லூப், நடுவில் வெட்டு விட்டு இரண்டாகப் பிரிந்திருந்தால் பால்.

குளச்சல்காரன்:
ஒற்றை முனைதான் அக்கா. குரோம்கோர் செட் ஒன்றும், தனியாக லூப் ஈ இரண்டும் ஆர்டர் போட்டுவிட்டேன். உப்புத்தாள் பக்கத்து வீட்டு ஆசாரியிடம் கேட்டிருக்கிறேன்.