கலைச்சொல் விவாதம்: இனுவிட் சிற்பிகளின் கல் மாக்கலா, மென்கல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

கனடாவின் வடகோடியில் இனுவிட் பழங்குடியினர் வாழும் நூனவுட் பற்றிய நிலவியல் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தில் ‘கார்விங் ஸ்டோன்’ (சிற்பம் செதுக்கும் கல்) வரும் இடமெல்லாம் ‘மாக்கல்’ (சோப்ஸ்டோன்) என்றே இருக்கிறது. ‘மென்கல்’ பொருந்துமா? நிலவியல் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

– த.

---

> ‘மென்கல்’ பொருந்துமா?

இரண்டுமே பொருந்தாது, ஐயா. 1993 நூனவுட் நில உரிமை ஒப்பந்தம் இந்தச் சொல்லை வரையறுத்தே வைத்திருக்கிறது: செதுக்க ஏற்ற செர்ப்பன்டினைட் (பெரும்பாலும் பச்சை நிறப் பாறை), ஆர்ஜிலைட் (இறுகிய களிமண் பாறை), மாக்கல் மூன்றும் சேர்ந்தது. அரசு நிலத்திலிருந்து இனுவிட் ஒருவர் ஆண்டுக்கு 50 கன கெஜம் வரை, சில நிபந்தனைகளோடு, உரிமம் இல்லாமலே எடுக்கலாம். ‘மாக்கல்’ என்று எழுதினால் மற்ற இரண்டும் அந்த உரிமைக்கு வெளியே போய்விடும்.

‘மென்மை’யிலும் சிக்கல் உண்டு. மாக்கலின் டால்க் கனிமத்துக்கு, பத்து வரை போகும் மோஸ் அளவில், கடினத்தன்மை 1, நகமே கீறும். செர்ப்பன்டினைட் பெரும்பாலும் 3, 4. நகம் வழுக்கும், கத்தி கீறும். மெருகு நன்றாக ஏறுவதாலும், மெல்லிய இறகும் கொம்பும் உடையாமல் நிற்பதாலும் சிற்பிகள் பலர் இதைத்தான் தேடுகிறார்கள்.

தேடும் முறையைப் பார்த்தாலும் கல்லின் பெயர் முக்கியமில்லை. மக்னீசியம் மிகுந்த அனற்பாறை நீரால் உருமாறிய பட்டைகளில் பார்ப்பார்கள். நூனவுட்டின் பெல்ச்சர் தீவுகளில் டயாபேஸ் (கருநிற அனற்பாறை) டோலமைட்டுக்குள் (சுண்ணாம்புக்கல் போன்ற பாறை) புகுந்த விளிம்புகளிலும் பார்ப்பார்கள். கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான வேலை. மேற்பரப்பு உறைபனியில் நொறுங்கியிருக்கும். அதைத் தட்டி நீக்கி, உள்ளே இருப்பதைத்தான் மாதிரியாக எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் கட்டியான கல் கணீரென்னும். உள்வெடிப்பு இருந்தால் மொத்தென்று விழும். (நம் ஸ்தபதிகள் ஆண்கல், பெண்கல் என்று ஓசை கேட்டுப் பிரிப்பார்களே, அந்த வகைதான். ஆனால் டால்க் மிகுந்த கல் நல்லதாயினும் மந்தமாகவே ஒலிக்கும். ஓசையை மட்டும் நம்பக் கூடாது.) அடுத்து நீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். முகம் உலர்ந்த பின்னும் கருங்கோடாக ஈரம் நிற்கும் இடமே விரிசல். கோட்டுக்குக் கோடு 10 செ.மீ. என்றால் கைக்கடக்கமான கரடி செய்யலாம், அவ்வளவுதான்.

பிறகு அரம், ரம்பம், ஈர உப்புத்தாள் மூன்றாலும் ஒரு துண்டைச் செய்து பார்ப்பார்கள். குவார்ட்ஸ் நரம்பு அரத்தைத் தின்றுவிடும். பைரைட் பிற்பாடு துருக்கறை விடும். செர்ப்பன்டினைட்டில் நார் நாராகத் தெரிந்தால் கல்நாராக இருக்கலாம்; ஆய்வகம் பார்த்துச் சொல்லும்வரை அதை உலர்வாக அறுக்கவே கூடாது.

வெடி வைத்தால் கல் சீக்கிரம் வரும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் கூடவே வரும். பாதி செதுக்கியபின் காது கழன்று விழும். துளையிட்டு ஆப்பு இறக்கிப் பிளப்பதே மேல். எடையையும் பார்க்க வேண்டும்: ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன். படகோ, பனிக்காலத்தில் சறுக்குவண்டியோ நெருங்க முடியாத இடமென்றால் எவ்வளவு நல்ல கல்லும் பயன்படாது.

என் பரிந்துரை ‘செதுக்குகல்’. ஊறுகாய் போல வினைத்தொகை.

– செ.

---

> செதுக்குகல்

அரைகல் என்றால் அரைக்கும் கல். செதுக்குகல்லைச் செதுக்கும் கருவி என்று படிக்க மாட்டார்களா, அம்மா? ‘சிற்பக்கல்’ எளிது.

– கு.

---

சிற்பக்கல் என்றால் இங்கே கோயில் வேலைக்கான கருங்கல்தான் நினைவுக்கு வரும். செதுக்கும் கருவிக்கு உளி இருக்கும்போது குழப்பம் வராது. ‘மாக்கல்’லை அதன் சொந்தப் பொருளுக்கே விட்டுவிடலாம். இனுவிட் மொழியான இனுக்டிடுட்டில் அதன் பெயர் ‘உக்குசிக்சக்’, சட்டியாகப் போவது என்று பொருள். நம் கல்சட்டியும் மாக்கல்தானே.

எனக்கு உறுத்துவது, அதே தமிழாக்கத்தில் ‘டெபாசிட்’டுக்கு வரும் ‘படிவு’. செர்ப்பன்டினைட் படிந்து உண்டானதல்ல. ‘கற்கிடை’ எனலாமா?

– த.

---

ஆட்டுக்கிடை நினைவு வந்தாலும் பரவாயில்லை, ஐயா. அது கிடக்கும் இடம்தானே. நீளம், அகலம், ஆழம் அளந்து, வெடிப்பால் கழிவதைக் கழிக்கும்வரை ‘செதுக்குகல் கிடை’. கழித்து மிஞ்சுவது மட்டும் ‘இருப்பு’. கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கிறேன்.

– செ.